குடிக்காதவன் சாட்சி

அக்டோபர் 7, 2024

நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. எனக்கு அ தெரியாது, ஆ தெரியாது. எதிர்வீட்டு ஜகந்நாதன் சாமிதான் மைக் படத்தை அமுக்கிப் பேசச் சொல்லிக் கொடுத்தார். கோயில் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் வந்து, போன் எழுதினதை எனக்கே படித்துக் காட்டுவார். நான் சொன்னது எனக்கே புதுசாக இருக்கும்.

இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தோசை கருகிப் போச்சு. சுலோசனா கல்லைத் திட்டுகிறாள்.

அக்டோபர் 13

இந்தக் கிறிஸ்துமஸோடு எங்கள் சபைக்கு ஐம்பது வருஷம். அதற்கு விழா மலர் போடுகிறார்களாம். போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தாத்தா, உங்க சாட்சி ஒரு பக்கம் வேணும். கர்த்தர் உங்களுக்கு என்ன செஞ்சார்னு சொல்லுங்க. படிக்கிறவங்க மனசு திரும்பணும்."

வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. என் பேச்சு அச்சில்!

அக்டோபர் 16

ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கை அமுக்கினால் இருமல்தான் வருகிறது.

எங்கள் சபையில் சாட்சி என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. முதலில் குடி. அப்புறம் பெண்டாட்டிக்கு அடி. டாக்டர் கைவிடணும், கர்த்தர் கைகொடுக்கணும், அல்லேலூயா. நான் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கினவன். சுற்றி அத்தனை பேரும் குடித்தார்கள். எனக்கு அந்த வாடைக்கே வாந்தி. அப்போ என்னை எதிலிருந்து காப்பாற்றினார் என்று சொல்வது?

அக்டோபர் 17

குடித்ததாகச் சொல்லிவிட்டேன். கொஞ்சம்தான்.

அக்டோபர் 18

சாமி படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓய் ஆசீர்வாதம், நீர் எப்போ குடிச்சீர்?"

"சும்மா ஒரு இதுக்கு சாமி. கர்த்தருக்கு மகிமை வரணுமில்ல?"

"பொய் சொல்லியா? எங்க பெருமாளுக்கே நான் இப்படி விளம்பரம் பண்ணினதில்லை."

உள்ளே சுலோசனா காதில் விழுந்துவிட்டது. கரண்டியோடு வந்தாள். "யோவ், என்னைக் குடிகாரன் பொண்டாட்டின்னு சபையே பார்க்கணுமா? இருமல் மருந்து குடிச்சிட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கின ஆளு நீ! அடிச்சேன்னு வேற சொல்லிக்கினு கீற. நீ என்னை அடிச்சியா? நான் உன்னை அடிக்காம விட்டதுதான் இந்த வீட்டு அற்புதம்!"

சாமி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அழித்தாயிற்று.

அக்டோபர் 20

மகன் மோகன்ராஜ் வந்திருந்தான். ஸ்ரீ சிட்டி பாக்டரியில் வேலை, சத்தியவேட்டில் குடித்தனம். ஞாயிறு வந்தால் நானும் சுலோசனாவும் சபைக்குப் போவோம், அவன் வாசலில் வண்டி துடைப்பான். மூணு வருஷமாக இப்படித்தான்.

மலர் விஷயத்தைச் சொன்னேன். "எழுது நைனா. அற்புதம் இல்லாம போடமாட்டாங்க, பார்த்துக்கோ" என்றான். சிரிச்சிக்கினேதான் சொன்னான்.

கறி நன்றாக இருந்தது. என் பங்கை அவன் தட்டில் தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 22

"பொய்யை எடுத்தாச்சு. நிஜத்தை எப்போ சொல்லப்போறீர்?" என்றார் சாமி. "ஆஸ்பத்திரி வராண்டாவில் நானும் உம்மோட உட்கார்ந்திருந்தேனே."

காபி வருவதற்குள் எழுந்து போய்விட்டார். காபியை விட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

அக்டோபர் 23

சொல்லிவிடுகிறேன். சுலோசனா கடைக்குப் போயிருக்கிறாள்.

மூணு வருஷம் முந்தி மோகன்ராஜுக்குப் பெண் பிறந்தாள். குறைமாசம். எஸ்தர் என்று பேர் வைத்தோம். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. நான் வராண்டாவில் முட்டி போட்டுக் கிடந்தேன். பக்கத்தில் சாமி அவருக்குத் தெரிந்ததை முணுமுணுத்துக்கினு இருந்தார்.

பிள்ளை போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஒருத்தர் எழுந்து, "ஜெபித்தோம், எங்கள் பிள்ளை பிழைத்தது" என்று சாட்சி சொன்னார். அவர்மேல் என்ன தப்பு? பிழைத்ததே! எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். மோகன்ராஜ் எழுந்து வெளியே போனான். அதோடு சரி. மகள் பேரைக்கூட அவன் வாயால் அப்புறம் நான் கேட்கவில்லை.

கர்த்தர் எனக்கு என்ன செய்தார்? — இதுதானே கேள்வி. கேட்டதைச் செய்யவில்லை. விடிகாலையில் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது வழி நெடுக அவரோடு சண்டை. "ஏன்யா இப்படிப் பண்ணே? அவ உனக்கு என்ன செஞ்சா?" இன்றைக்கும் கேட்டேன். பதில் இல்லை. ஆனால் ஒரு நாளாவது தனியாக நடக்கிற மாதிரி இருந்ததா? இல்லை. ஆள் இல்லாத இடத்தில் யாராவது சண்டை போடுவார்களா?

இவ்வளவுதான் என் சாட்சி. இதில் அல்லேலூயாவை எங்கே போடுவது? தெரியவில்லை.

இதை மலரில் போட்டால் மோகன்ராஜ் என்ன சொல்வான்? வண்டியைக்கூட இந்தப் பக்கம் திருப்பாமல் போய்விட்டால்?

அக்டோபர் 24

சாமி படித்தார். நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு "ஜலதோஷம்" என்றார். "குழந்தை எப்படி இருந்தாள்னு ஒரு வரி இல்லையே ஓய்" என்றார். அதையும் சேர்த்துச் சொன்னேன். போதகருக்கு அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 27

"தாத்தா, முடிவே இல்லையே" என்றார் போதகர்.

"எனக்கு இன்னும் முடியலையே ஐயா."

போனைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்படியே போட்டுடறேன்."

டிசம்பர் 22

மலர் வந்துவிட்டது. மோகன்ராஜும் வந்தான். கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. சுலோசனா முறுக்கு டப்பாவோடு அவன் பையில் திணித்துவிட்டாள்.

டிசம்பர் 26

போன். மோகன்ராஜ்.

"நைனா, தப்பா போட்டுகீற."

"என்னடா தப்பு?"

"எஸ்தருக்கு இடது காதுல மச்சம்னு போட்டுகீற. வலது காது."

"இடதுதான்டா."

"அவளைத் தூக்கிக்கினு நின்னது நானு!"

"எதிர்ல நின்னு பார்த்தது நான்!"

"அதான் உனக்கு மாறிப் போச்சு!"

விடவில்லை அவன். நானும் விடவில்லை. எஸ்தர் மூக்கு யார் மாதிரி, எஸ்தர் விரல் யார் மாதிரி என்று எங்கெங்கேயோ போய்விட்டது சண்டை. சுலோசனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில், "சரி விடுடா. முதல்ல அவகிட்ட போறவன் நான்தான். எந்தக் காதுன்னு பார்த்து வெக்கறேன். நீ வரும்போது காட்டறேன்" என்றேன்.

சுலோசனா என் தொடையில் கிள்ளினாள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல நைனா" என்றான். "மெதுவா போ."