ஆடிக் காற்றுக்கு எதிரே எழுபத்தைந்து கிலோமீட்டர்

ஹூப்ளி,
4.5.2025

அன்புள்ள குழலிக்கு,

புவனேஸ்வரி எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். நீ கீழப்பழுவூர் பக்கம் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். போன் நம்பர் கிடைக்கவில்லை. அஞ்சலகத்துக்கு எழுதினால் எப்படியும் உன்னிடம்தானே வரும்!

எனக்கு ரயில்வேயில் அதே வேலைதான். பந்தயத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது, ஆனால் சைக்கிளை விடவில்லை. இங்குள்ள குழுவினர் ஆளுக்கொரு ஊரில் இருநூறு கிலோமீட்டர் சுற்று ஓட்டிப் படம் போடுகிறார்கள். எனக்கு நம் ஊரைச் சுற்ற ஆசை. அப்பா அம்மா போன பிறகு அங்கே எனக்கென்று யாரும் இல்லை. நீயே ஒரு பாதை போட்டுத் தருவாயா? அணை, ஏரி, பழைய அரண்மனை இடிபாடு எல்லாம் வர வேண்டும். முடிந்தால் நீயும் கூட வா.

உன் பதிலை எதிர்பார்க்கும்
புவனா

—

கீழப்பழுவூர்,
12.5.2025

அன்பு புவனாவுக்கு,

உன் கடிதத்தை நானே பையிலிருந்து எடுத்தேன். இரண்டு முறை படித்தேன். நான் சுகம். என் வீட்டுக்காரர் தர்மன் சோளமும் பருத்தியும் போடுகிறார். நல்ல மனிதர். அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. அப்பா இப்போது என்னோடுதான். எழுபத்தாறு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

தினமும் தபால் பையோடு இருபத்தைந்து கிலோமீட்டர் மிதிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் திருச்சியில் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே நானும் வருகிறேன்.

பாதை இதுதான். விடியும்போது பெரம்பலூரில் கிளம்பி மேற்கே விசுவக்குடி அணை. பச்சைமலை அடிவாரம், உனக்குப் பிடிக்கும். திரும்பி வந்து கொட்டரை நீர்த்தேக்கம். அங்கிருந்து அரியலூர், கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம். பக்கத்தில் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது, படம் எடுத்துக்கொள். பிறகு நேர் மேற்காக உடையார்பாளையம், அரியலூர் வழியே பெரம்பலூர். எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினைந்து.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை வா. ஆடி பிறந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும். வேறு தேதி எனக்குத் தோதுப்படாது.

பிரியத்துடன்
குழலி

—

ஹூப்ளி,
2.6.2025

அன்பு குழலி,

உன் கடிதத்தைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவர் மட்டும், "ஆடியில மேக்காத்து அடிக்குமே. ஜெயங்கொண்டத்துல கிளம்பி, காலையில மேக்க போயிட்டு, சாயங்காலம் காத்தோட திரும்பினா சுலபமாச்சே" என்றார். எனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. நீ அங்கேயே இருப்பவள், நீ சொல்வதுபோல் செய்வோம்.

புவனா

—

கீழப்பழுவூர்,
9.6.2025

அன்பு புவனாவுக்கு,

காற்றெல்லாம் ஒன்றும் பெரிதில்லை. ஜெயங்கொண்டத்தில் தங்க நல்ல இடம் கிடைக்காது. பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அறை சொல்லி வைத்துவிட்டேன். எதிர்க்காற்றில் ஒருத்தி முன்னால் போக, மற்றவள் அவள் மறைவில் வரலாம். மாற்றி மாற்றிப் போனால் தெரியாது. பழகியவர்கள்தானே நாம்.

குழலி

—

ஹூப்ளி,
24.7.2025

குழலி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மாளிகைமேட்டில் நாம் எடுத்த படத்தை இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சிரிக்கிறாய். அதற்குப் பிறகு மேற்கே திரும்பினோம். முகத்தில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரிக் காற்று. "ரயில்வே வீராங்கனை நீதான், முன்னால போ" என்றாய். போனேன். ஐந்து கிலோமீட்டர் கழித்துக் கையைக் காட்டி உன்னை முன்னால் வரச் சொன்னேன். நீ வரவில்லை. பத்தாவதில் மறுபடி காட்டினேன். "இன்னுங் கொஞ்சம்டி" என்றாய். இருபத்தைந்து கிலோமீட்டர் என் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் உட்கார்ந்து வந்தாய். சிமென்ட் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது நான் தடுமாறினேன். உடையார்பாளையம் தாண்டியதும் இரண்டு தொடையும் இழுத்துப் பிடித்து, சாலையோரம் முந்திரி மரத்தடியில் சைக்கிளோடு சாய்ந்தேன்.

"தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லி என் இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாய். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உன் நம்பரை அன்று காலைதான் தந்தாய், அது அணைந்து கிடந்தது. முந்திரி மூட்டை ஏற்றிய வேன்காரர் ஒருவர்தான் என்னை அரியலூருக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பெரம்பலூர் அறைக்கு வந்து சேர்ந்தபோது, நீ முழுதும் ஓட்டி முடித்துவிட்டாய் என்று அறைக்காரர் சொன்னார். என் பாட்டில் இரண்டும் வரவேற்பு மேசையில் இருந்தன. நிரப்பி வைத்திருந்தாய்.

உனக்கு நான் என்ன செய்தேன்?

புவனேஸ்வரி

—

கீழப்பழுவூர்,
1.8.2025

புவனாவுக்கு,

கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

2006 பிப்ரவரி. மாநில சைக்கிள் அணித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. மாவட்டத்தில் ஒரே ஒரு இடம். என் நேரம் உன்னுடையதைவிட நாற்பது விநாடி குறைவு. ஒரு சாயங்காலம் அப்பா என் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார். "பிராக்டீஸ்னு சொல்லிட்டு அன்பழகன் பயலோட சுத்திக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டார். அந்தப் பையனோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. தேர்வு நாளில் என்னை அறையில் வைத்துப் பூட்டினார். நாற்பதாவது நாள் என் கழுத்தில் தாலி. நீ தேர்வாகிப் போனாய், ரயில்வேக்கும் போனாய்.

யார் சொன்னது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. அம்மா சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "அந்தப் புவனாதான்டி வந்து உங்கப்பாகிட்ட சொன்னா" என்றாள். அடுத்த மாதமே சைக்கிள் வாங்கினேன். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீயே எழுதினாய்.

ஆடியைத் தேர்ந்தெடுத்தது நான். திசையைத் தேர்ந்தெடுத்ததும் நான். நீ விழுவாய் என்று தெரியும், எங்கே என்றுதான் தெரியாது. விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிச்சத்தைத் தனியாக, அதே காற்றில் ஓட்டினேன். நல்ல நேரத்தில் முடித்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. என் வீட்டுக்கு வந்து, என் அப்பா முன்னால் உட்கார்ந்து, "நான் அன்று சொன்னது பொய்" என்று சொல். பத்தொன்பது வருடமாக அவர் கண்ணில் நான் தப்புப் பண்ணின பெண்.

பூங்குழலி

—

ஹூப்ளி,
10.8.2025

குழலி,

சொன்னேன். நான்தான் சொன்னேன். நீ இருக்கும்வரை நான் இரண்டாவதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் உன்னை வெளியே விடமாட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கல்யாணப் பத்திரிகை வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் தேர்வுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜெயங்கொண்டம் தாண்டும்போதே நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அன்று செய்தது உனக்குத் தெரிந்துவிட்டது என்றும் புரிந்தது. தெரிந்தேதான் முன்னால் ஓட்டினேன். போன கடிதத்தில் தெரியாத மாதிரிக் கேட்டது என் கோழைத்தனம்.

23ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அப்பாவிடம் சொல்கிறேன்.

புவனேஸ்வரி

—

கீழப்பழுவூர்,
6.9.2025

புவனேஸ்வரிக்கு,

நீ சொன்னதைச் செய்தாய். காது மந்தமானவரிடம் அந்த வாக்கியத்தை மூன்று முறை உரக்கச் சொன்னாய். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். அப்பா தலையை ஆட்டினார். நீ பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

"இப்பவாவது நம்புறீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "அந்தப் பய அந்த மாசம் பூரா திருப்பூர்ல இருந்தான். எங்கூடக் களத்துல நின்னுக்கிட்டிருந்தப்ப அவன் அப்பனே சொன்னான். நீ செலக்சன் ஆயிட்டா அப்புறம் யாருக்கும் அடங்க மாட்ட. மாப்ள வூட்டுல அவசரப்படுத்திக்கிட்டு இருந்தாங்க. உன்ன சைக்கிள் ஓட்டாம நிறுத்துறதுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. அந்தப் புள்ள தானா வந்து குடுத்துச்சு."

சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஆலத்தியூரில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் தம்பி மணிவேலுக்குப் போன் செய்து, அப்பாவைக் கூட்டிவருகிறேன் என்றேன். "ஏங்க்கா, என்ன ஆச்சு?" என்றான். இடம் போதவில்லை, எனக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு நடந்ததை அப்படியே சொன்னேன். "கூட்டிட்டு வா" என்றான்.

நானே பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். தம்பி வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா வந்து அழைச்சிட்டுப் போவ?" என்றார்.

"பத்தொம்பது வருசம் ஆகும்ப்பா" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை. "என்ன?" என்றார். அவர் காதருகே குனிந்து இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை கேட்டுவிட்டது. கையை விட்டார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உனக்கு வைத்திருந்ததில் பாதி அவருக்குப் போக வேண்டியது என்று இப்போது தெரிகிறது. அந்தப் பாதியையும் நீயே சாலையில் சுமந்துவிட்டாய். அதற்கு நான் உன்னிடம் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வரும் என்று முந்தானையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். பசிதான் வந்தது. அரியலூரில் இறங்கி, ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் ஆறு இட்லி சாப்பிட்டேன்.

பூங்குழலி