பூதங்களுக்குக் கண் திறந்தேன்

அன்புள்ள செங்கமலத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலியும் முன்கோபமும் குறைந்தனவா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கடல் தாண்டி வந்த இந்தப் புந்தோங்கில் மழை. கோபுரச் சிலைகளுக்கு வர்ணம் பூசும் வேலை நிற்கிறது. அதனால் பக்கத்து வீட்டு ஷானுக்கு உதவினேன். அவர் தலை நரைத்த ஆபீசர், ஆனால் மேசைமேல் பொம்மைப் படை வைத்துச் சண்டை விளையாடுகிறார்! எல்லாம் சுண்டுவிரல் உயரப் பூதங்கள். ஒன்றின் கையை வெட்டி இன்னொன்றில் ஒட்டி, நாலு கை வைத்தோம். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் வர்ணம் பூசிக் கொடுத்தேன்.

"அண்ணே, கண்ணு எங்க? நாளைக்கு தைப்பிங்ல போட்டி லா! பெயிண்ட் முடியலன்னா சேத்துக்க மாட்டாங்க."

"நேரம் பாக்காம கண் திறக்கலாமா?"

"இது சாமி இல்லண்ணே, பேய்!"

"பேயை ராகு காலத்துல திறந்தா சும்மா விடுமா?"

ராகு காலம் கழிந்ததும் திறந்தேன். திறந்த கண் முதலில் மங்கலமானதைப் பார்க்க வேண்டுமே, இங்கே பசுவுக்கும் கன்றுக்கும் எங்கே போவது? பர்ஸில் இருந்த உன் போட்டோவை எதிரே வைத்தேன். அத்தனை பூதமும் அடங்கி நின்றது.

போட்டிக்கு என்னையும் கூட்டிப் போகிறார், வாசலில் ஹாரன் அடிக்கிறார். போட்டோவில் பச்சை வர்ணம் பட்டு உன் முகம் மறைந்துவிட்டது. வேறொன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், பர்ஸில் வைக்க முடியாது.

கலியமூர்த்தி