நெற்றிப் பிறை

தையலம்மாளுக்கு,

பிரெஞ்சு ஓவியர் உன்னை வரைந்தபோது நெற்றியில் பிறையும் கையில் வில்லும் வைத்தாரே, காமாட்சி என்றல்லவா பாகூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்! அது அவர்கள் நாட்டு வேட்டைத் தேவதையாம். பிள்ளையே பெறாதவளாம். அவருக்கு உன்னைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஏழு வருஷம் பிடித்தது.

உன்னைக் குருவிநத்தத்துக்கு, உன் தாய்வீட்டுக்கே, அனுப்பியதும் படத்தைத் திருத்தச் சொன்னேன். பிறையை அழித்தார். வில்லை எடுத்துவிட்டு அந்தக் கைகளில் ஒரு குழந்தையை வைத்தார். முகத்தை ஆண்டாளுடையதாக்க அதிக வேலையில்லை, உன் தங்கைதானே. கைகளையும் மாற்றட்டுமா என்று கேட்டார்.

"அக்கா கை இருந்துட்டுப் போவட்டும்" என்று இவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை இவளுக்கு வளைகாப்பு. நீ வரவேண்டாம். உன் கைதான் இங்கே இருக்கிறதே.

இப்படிக்கு,
உன் தங்கையின் கணவன்