லேப்டாப் போனதும் வெளுத்த சாயம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். வீட்டில் பேசினாலும் கடையில் பேசினாலும் உன் அப்பாவுடைய பாம்புக் காதுக்குத் தப்பாது, அதனால் குடோனில் பைப் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பைப்பைக் குறை சொல்லாதே, கோபத்தில் எழுதுகிறேன்.

கடை லேப்டாப் ரிப்பேருக்குப் போனது உனக்குத் தெரியும். காலையில் பொத்தானை அழுத்தினால் மூச்சு பேச்சு இல்லை. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்குக்கா, வெளியிலேர்ந்து வரணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் அலட்டிக்கொள்ளவில்லை. குழாய்க்கு வாஷர் விற்று நான் ஆரம்பித்த கடை, அன்றைக்கு லேப்டாப்பா வந்து வியாபாரம் பார்த்தது? பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் அப்பா முன்னால் வைத்து, கொஞ்ச நாள் கையால் எழுதுங்கள் என்றேன். மனிதர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் பேனா சரியில்லை என்றார், அப்புறம் தோள்பட்டை வலி என்றார், கடைசியில் "பில்லை நீயே போடு, நான் சரக்கு எடுத்துக் குடுக்கறேன்" என்று எழுந்தே விட்டார். கல்லாவில் உட்கார்ந்து சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். சரக்கு எடுப்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, எல்போ, டீ, வால்வு என்று எந்தக் குழாய்ச் சாமானானாலும் தொட்டே அளவு சொல்லுவார், கைக்குள்ளேயே ஸ்கேல் வைத்திருக்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் பீற்றிக்கொண்டேன்.

நம் பிளம்பர் இருக்கிறாரே, உயரத்துக்காக நீ ஏணி என்று பெயர் வைத்தாயே, அவர் போன வாரம் கடைக்குள் வந்த வேகத்தில் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு டப்பாவை மேஜையில் டமாலென்று வைத்து, "அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்றார். விஷயம் இதுதான். சுடுதண்ணீர் பைப்புக்கு ஒட்டுகிற பசை கேட்டிருக்கிறார், அப்பா பச்சைத்தண்ணீர் பைப்புக்கானதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே டப்பா, ஒரே மூடி, மேலே எழுதியிருப்பது மட்டும்தான் வேறு. அவரும் நம் கடை என்ற நம்பிக்கையில் பார்க்காமல் பூசிவிட்டார். புது வீட்டில் ஹீட்டரைப் போட்டதும் ஜாயின்ட் விட்டுக்கொண்டு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அப்போதுதான் குழந்தையைத் துவட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாளாம். யார் மேலும் ஒரு சொட்டுப் படவில்லை. டப்பாவில் இவ்வளவு பெரிசா போட்டிருக்கே, பாக்கலையா என்று அப்பாவைக் கேட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், "ரொம்பப் பொடி எழுத்தா இருக்கு" என்றார். என் கட்டைவிரல் உயரம் அந்த எழுத்து. ஏணி கோபத்தை மறந்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த நிமிஷம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது, முந்தின நாள்வரை நம் லோடு வண்டியை ஓட்டியது யார்? சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறதாம். "இந்தக் கண்ணோட வண்டி ஓட்டினாரா? நீங்கல்லாம் வீட்ல என்னதாம்மா பண்றீங்க?" என்றார். ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாக வருமாம், இனியும் தள்ளிப்போட்டால் அவர் பொறுப்பில்லையாம். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "லேப்டாப் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." கண்ணுக்கும் லேப்டாப்புக்கும் என்னங்க சம்பந்தம் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "நம்ம பாப்பாதான் போன தடவை வந்தப்போ எழுத்தைப் பெரிசாக்கி, கறுப்பு மேல வெள்ளையா மாத்திக் குடுத்தா. அம்மாட்ட மூச்சு விடாதேன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன்."

ஏண்டி, நீயா? கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்லியிருப்பார், நீ நம்பியிருப்பாய், தெரிகிறது. ஆனால் மாற்றினாரா என்று ஒரு தரம் கேட்டிருக்க வேண்டாமா? லேப்டாப்பில் கடை போர்டு மாதிரி அவ்வளவு பெரிய எழுத்தைப் பார்த்து, எதிர்க் கடைக்காரரும் நம்ம பில்லைப் படிக்கட்டும்னு வச்சிருக்கீங்களா என்று நான் கேலி செய்யும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தாரே மனிதர். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் பாதி, ஒரு தடவை கல்லாவை விட்டு இறங்கினால் நான் திரும்ப ஏற்ற மாட்டேன் என்ற பயம் பாதி. என்னை அப்படியா நினைத்தார்?

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். லேப்டாப் முந்தாநாளே சரியாகிவிட்டது. நான்தான் ரிப்பேர் கடையில் போய், உங்க அலமாரியிலேயே பூட்டி வைங்க, அவர் வந்து கேட்டா பார்ட் வரலைன்னு சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "அண்ணன் தினமும் வந்து நிக்கறாருக்கா, எனக்கே பாவமா இருக்கு" என்றார். பாவம் பார்த்தால் கண் போய்விடும். வேலை வெட்டி இல்லாமல் கடைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து அலுத்துப்போய், இன்று காலையில் அவரே வாய்விட்டு, "அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாரு?" என்று கேட்டார். காதில் விழாதது போல் இருந்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் டாக்டரிடம் நாள் குறித்துவிட்டேன். அதுவரை மனசு மாறாமல் இருக்க வேண்டும். நிச்சயம் உனக்குத்தான் போன் செய்வார், செல்போனிலாவது எழுத்தைப் பெரிசாக்கிக் கொடு என்று குழைவார். தெரியாது என்று சொல். அழுதாலும் தெரியாது என்று சொல். அவருக்காக ஒரு விஷயத்தை மறைத்தாய் அல்லவா, அந்தத் திறமையை இப்போது எனக்காகக் காட்டு.

முடிந்தால் ஆபரேஷன் சமயத்தில் ஒரு வாரம் வந்து போ, கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கும்போது நீ எதிரில் நின்றால் அவருக்குத் தெம்பாக இருக்கும். குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் மூவரும் நீண்ட நாள் குறைவில்லாமல் வாழ வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்ததும் கிடைத்தது என்று மட்டும் செய்தி போடு, வேறு ஒன்றும் எழுதாதே. மறந்துவிடாதே, லேப்டாப் இன்னும் வரவில்லை.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா