லாக் புத்தகத்தில் நாலு நிமிஷம்

பிப்ரவரி 11, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் இன்று மூன்று பிராக்டிகல். எலக்ட்ரானிக்ஸ் லேப்பில் உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்னமும் யாராவது கெபாசிட்டரைத் தலைகீழாய்ப் போட்டு வெடிக்க வைத்தால் முதலில் பதறுவது நான்தான். திட்டித் தீர்த்துவிட்டு வந்தேன். தொண்டை வலி.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் பெட்டி. ரிப்பீட்டர் வந்துவிட்டது! சென்னையில் ஒரு ஹாம் ரேடியோ கிளப், எங்களை மாதிரி ஆசைக்கு ஒயர்லெஸ் பேசுகிறவர்கள், புதுசு வாங்கியதும் பழசை எங்கள் கிளப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு போன் பேசினேன், அவ்வளவுதான். முகம்கூடத் தெரியாதவர்கள். நல்லா இருக்கணும்.

ஹரி தூக்கிப் பார்த்தார். "என்னா இது, கிரைண்டர் கணக்கா கனக்குது. மாவு அரைக்குமா?"

பேசும் என்றேன்.

"வூட்ல ஒண்ணு பேசுறது பத்தாதா?"

இருபத்து நாலு வருடக் கல்யாணத்தில் இந்த மனுஷனுக்கு இதே ஜோக்தான்.

பிப்ரவரி 12, புதன்

ஹரிக்கு விளக்கிச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். எதற்கு இந்தப் பாடு என்று பின்னால் எனக்கே மறந்துபோகும்.

கையில் வைத்துப் பேசுகிற வாக்கிடாக்கி ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலே பெரிசு. மாடி வீடுகள் மறைத்துவிடும். ரிப்பீட்டரை உயரத்தில் வைத்தால் அது மெலிந்த குரலைக் கேட்டு, அந்த நொடியே பலமாகத் திருப்பி அனுப்பும். முத்தியால்பேட்டையில் நானும் மூலக்குளத்தில் எங்கள் கிளப் தேவதாஸ் அண்ணனும் எதிர் வீடு மாதிரி பேசிக்கொள்ளலாம்.

போன டிசம்பர் புயலில் அது இல்லை. செல்போன் எல்லாம் செத்துப்போன பிறகு, சாயந்திரம் நாலரைக்கு அவர் குரல் வந்தது. "மூலக்குளம்... தண்ணி இடுப்பு... யாராவது..." என் மாடி ஆன்டெனா காற்றில் விழுந்து கிடந்தது. கையில் இருந்த செட்டில் பேட்டரி கடைசிக் கோடு. பதில் சொன்னேன். சொன்னேன், சொன்னேன். அவருக்குப் போகவே இல்லை. அவர் டிவி மெக்கானிக், ஒரு கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பியது, தனிக்கட்டை. மேஜை மேல் நாற்காலியைப் போட்டு மறுநாள் காலை வரை அதில் உட்கார்ந்திருந்தார். நான் இங்கே காய்ந்த தரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த மழைக்குள் இந்தப் பெட்டி வேலை செய்தாக வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிளப் கூட்டம். மொத்தமே ஆறு பேர். எல்லோரும் பரீட்சை எழுதி ஆளுக்கொரு லைசென்ஸ் வைத்திருக்கிறோம், ஆனால் ரிப்பீட்டருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு நடந்தால் அவர் லைசென்ஸுக்குத்தான் ஆபத்து. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். வாய் நீளம் என்றால் இப்படித்தான் வந்து விடியும்.

போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. ரெட்டியார்பாளையத்தில் சகாயநாதன் வீடு, நாலு மாடி. அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் தெருவில் இன்றும் அது சொல்தா வீடு, சிப்பாய் வீடு. ரேடியோவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மின்னலை இழுக்குமா என்று மட்டும் கேட்டார். எர்த் போடுவோம் என்றேன்.

"அப்ப வச்சிக்குங்க. துணி காயுற நேரத்துல மட்டும் மாடிக்கு வராதீங்க, எங்க வூட்டம்மா திட்டும்."

வாடகைப் பேச்சே எடுக்கவில்லை. ஏன் சார் என்று கேட்டதற்கு, போன புயலில் தன் தரைத்தளத்தில் பதினேழு பேர் மூன்று நாள் இருந்தார்கள் என்றார்.

மார்ச் 21, வெள்ளி

விண்ணப்பம் ஏற்றினேன். லாசுப்பேட்டை விமான நிலையம் பக்கம் என்பதால் கம்பத்தின் உயரத்துக்குத் தனி அனுமதி. அதற்கு வேறு படிவம். ஒவ்வொரு கோப்பும் அவர்கள் சொல்லும் அளவுக்குள் சுருங்க வேண்டுமாம். சுருக்கினால் கையெழுத்து தெரியவில்லை, தெரிந்தால் சுருங்கவில்லை. ஒன்பதாவது தடவை ஏறியது. சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பம் ஏறிவிட்டது. கிளப்பில் கைவேலை எல்லாம் ராஜ்கமல்தான், சேதராப்பட்டில் ஒரு ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒயரை இழுத்து முடித்ததும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரே நிமிஷம் போட்டுப் பாக்கலாமா? ஓடுதான்னு தெரியாம எப்புடி எறங்கிப் போறது?"

போட்டோம். நான் மைக்கை அமுக்கி என் கால்சைனை, லைசென்ஸில் கொடுத்த அடையாள எழுத்துகளைச் சொன்னேன். மூலக்குளத்திலிருந்து தேவதாஸ் அண்ணன், பக்கத்தில் நிற்பது மாதிரி: "ஏம்மா அமுதவல்லி, ஏன் இந்தக் கத்து கத்துற? நல்லாத்தான் கேக்குது."

நான் அழுதேன். ராஜ்கமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு நிமிஷம் பேசினோம்.

அதே நாள், சாயந்திரம்

மேலே உள்ளதை எழுதும்போதுதான் உறைத்தது. லைசென்ஸ் இன்னும் வரலையே. பொறுப்பாளர்னு கையெழுத்து போட்டவளே, லைசென்ஸ் இல்லாத ரிப்பீட்டர்ல பேசிட்டு வந்திருக்கேன். அதோட விட்டேனா? பழக்க தோஷம், லாக் புத்தகத்தில் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறேன். நேரம், அலைவரிசை, "ரிப்பீட்டர் சோதனை, 4 நிமிடம், மிகத் தெளிவு". மிகத் தெளிவுக்கு அடிக்கோடு வேறு.

ஹாம்களுக்கு இது ஊறிப்போனது. பேசினால் எழுத வேண்டும். பக்க எண் போட்ட பைண்டு புத்தகத்தில் எழுத வேண்டும், கிழிக்கக் கூடாது. திருடப் போனவன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கதை.

ஹரியிடம் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லைசென்ஸ் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, சகாயநாதன் வீட்டுப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு, பொறுப்பாளரின் லாக் புத்தகம், போன டிசம்பர் முதல் மே வரை.

மே வரை. நடுவில் ஏப்ரல்.

ஜூன் 19, வியாழன்

பத்திரத்தைப் போன வாரம் ஆனந்தமேரி டீச்சரிடம் கொண்டுபோனேன். ரிட்டையர் ஆன பிரெஞ்சு டீச்சர், பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர். "பத்திரம் எழுதுன நொத்தேர் கையெழுத்த பாத்தியா, கோழி கீறுன மாதிரி" என்று திட்டிக்கொண்டே ஐந்து நாளில் பதினாறு பக்கம் முடித்துவிட்டார். காசு கொடுக்கப் போனேன். புயலில் தன் தங்கை வீட்டு நிலவரம் தெரியாமல் தானும் இரண்டு நாள் கிடந்ததாகச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இத்தனை பேர் நல்லவர்களாக இருக்கும்போது, எல்லாத்தையும் கெடுத்தது நான்தானா?

ஜூன் 22, ஞாயிறு

ராஜ்கமல் புது நோட்டு வாங்கிவந்தார். "பழசுல உள்ளத இதுல எழுதிடுங்கக்கா, அந்த ஒரு வரிய வுட்டுட்டு. ஒரு நாள் வேல. யாருக்குத் தெரியப்போவுது?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் பொறுப்பாளர், போனால் என் லைசென்ஸ். அதுகூடப் பரவாயில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் இந்த மழைக்கும் ரிப்பீட்டர் இருக்காது, தேவதாஸ் அண்ணன் அதே வீட்டில்தான் இருப்பார். ஒரு வரியா, ஒரு மனுஷனா? நோட்டை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

உட்கார்ந்தேன். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை அதற்கப்புறம் நான் திறந்ததே இல்லை. "16.31 கேட்டது. பதில் அனுப்பினேன். பதில் இல்லை. 16.34 அனுப்பினேன். பதில் இல்லை. 16.36..." இப்படி நாற்பத்தொரு வரி. கடைசிப் பத்து வரியில் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ஓர் இடத்தில் தண்ணீர் பட்டு மை இளகியிருக்கிறது. மழைத் தண்ணீரா என் கண்ணா, தெரியவில்லை.

புது நோட்டில் மூன்று வரி எழுதினேன். நல்ல அழகான எழுத்து. காபி குடித்துக்கொண்டு எழுதின மாதிரி. நாலாவது வரி எழுத முடியல. இது பொய்யில்ல, அப்படியே காப்பிதான் பண்றேன், ஆனா பொய்யா இருக்கு. அன்னிக்கு அந்தாளு தண்ணில உக்காந்திருந்தாரு, நான் இன்னிக்கு ஃபேனுக்கு அடியில உக்காந்து அத திரும்ப எழுதுறதா?

மூடிவைத்துவிட்டு ஹரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக் அடிக்கவில்லை. "பழசயே அனுப்பு. லைசென்ஸ் போனா திருப்பி பரிச்ச எழுது. ஒனக்கு என்னா, படிக்க வராதா?" என்றார்.

ஜூலை 3, வியாழன்

பழைய புத்தகத்தின் நகலையே அனுப்பினேன், எல்லாப் பக்கமும். ஏப்ரல் 6 சோதனை அனுமதியில்லாமல் நடந்தது, தவறு என்னுடையது என்று தனிக் கடிதமும் வைத்தேன். ராஜ்கமல் பெயரை எழுதவில்லை.

பழசையே அனுப்பப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து, ராஜ்கமல் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சு தேசிய தினம். சகாயநாதன் தன் அப்பாவின் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச் சின்னத்துக்கு மாலை போடப் போனார். வழியில் என்னைப் பார்த்து, கம்பத்தில் காக்கா கூடு கட்டுகிறது என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேரில் வரச்சொல்லிக் கடிதம். அசல் லாக் புத்தகத்துடன், சென்னைக்கு, இருபதாம் தேதி.



ஆகஸ்ட் 20, புதன்

காலை ஐந்தரை பஸ். அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். டிசம்பர் பக்கத்தில் நின்றார். நாற்பத்தொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"இவரு என்ன ஆனாரு?"

"இருக்காருங்க மேடம். நல்லா இருக்காரு."

பிறகு ஏப்ரல். "நீங்க சொல்லலைன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

"சந்தோஷத்துல எழுதிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நாலு நிமிஷமோ நாலு மணி நேரமோ, விதி விதிதான் என்றார். எழுத்து மூலம் எச்சரிக்கை. முப்பது நாள் நான் என் செட்டில் பேசக் கூடாது, கேட்கலாம். ரிப்பீட்டரிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி போட்டோ அனுப்ப வேண்டும். விண்ணப்பம்? நான் கேட்க வாயெடுக்கும் முன்பே அவர் அதன் மேல் எதையோ எழுதி அடுத்த மேஜைத் தட்டில் வைத்தார். தள்ளவில்லை. தள்ளவில்லை!

எழுந்தபோது கேட்டார். "கம்பத்துக்கு எர்த் ஒழுங்கா போட்டிருக்கீங்களா? உங்க ஊர்ல மின்னல் ஜாஸ்தி."

திண்டிவனம் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் அம்மா என்னவோ என்று பயந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று பிள்ளையார் சதுர்த்தி. பேசாத நாள் ஏழு. தேவதாஸ் அண்ணன் ஊருக்குள் வேலைக்கு வருகிற நாளெல்லாம், காலையில் பெரிய மார்க்கெட் பக்கம் நின்று என் அலைவரிசையில் கூப்பிடுகிறார். நான் பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்தும், தன் பாட்டுக்குப் பேசுகிறார். இன்றைக்கு: "கொழுக்கட்ட செஞ்சிருப்ப. குடுத்து அனுப்பு. பதில் சொல்லாதே, சட்டவிரோதம்."

கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 3, புதன்

"ஏம்மா, ஒன்ன ஊமையாக்குனதுக்கு அந்த ஆபீசுக்கு ஒரு நன்றிக் கடுதாசி போடலாம்னு ஹரி சொல்றாரு." இது தேவதாஸ் அண்ணன். மைக்கை எடுக்கப் போன கையை ஹரி பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 20, சனி

முப்பது நாள் முடிந்தது. மைக்கை அமுக்கினேன். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், காலை வணக்கம் என்று மட்டும் சொன்னேன். மற்ற ஐந்து பேரும் பெரிய மார்க்கெட் பக்கம் வந்து காத்திருந்தார்கள். ராஜ்கமல்தான் முதலில் பதில் சொன்னார்.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டது.

லைசென்ஸ், கம்ப உயரத்துக்கான அனுமதி, இரண்டும். பிரிண்ட் எடுத்து முதலில் சகாயநாதனுக்குக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுசும் படித்து, "எம் பேரு எங்கயுமே இல்லியே" என்றார். இடத்தின் முகவரி என்ற கட்டத்தைக் காட்டினேன். அது போதும் என்றார்.

ஆனந்தமேரி டீச்சருக்கு போன். சென்னைக் கிளப்புக்கு போன். அந்த அதிகாரிக்கு நன்றி எழுதலாமா? எழுதினால் தப்பாகுமா? எழுதிவிட்டேன், இரண்டே வரி.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆன்டெனாவை மாட்டி ரிப்பீட்டரைப் போட்டாயிற்று. நாளைக்குத் தீபாவளி. ராஜ்கமல் மூன்று தடவை எர்த் பார்த்தார்.

டிசம்பர் 3, புதன்

இரண்டு நாள் மழை. விடியும் முன்பே கரண்ட் போனது, பிறகு செல்போன். பாலிடெக்னிக் லீவு.

ஆறு நாற்பதுக்கு தேவதாஸ் அண்ணன். "தெருவுல முழங்காலு, ஏறுது. எதுத்த வூட்டு செல்வாம்பாள் அம்மா படுத்த படுக்க, தூக்கியாவணும். டிராக்டர் வேணும்." ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை. கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில் ராஜ்கமல் உட்கார்ந்திருந்தார், சொன்னேன். எட்டே காலுக்கு டிராக்டர் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்கள், நலம்.

தேவதாஸ் அண்ணன் மட்டும் ஏறவில்லையாம். "நான் எதுக்கு? எனக்குத்தான் மேஜ இருக்கே."

எனக்கு வந்ததே கோபம். மேஜையும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம், அடுத்த டிராக்டர்ல ஏறலைன்னா நானே நடந்து வந்து இழுத்துட்டு வருவேன், போன வருஷம் நான் நின்ன மாதிரி இன்னொரு தடவ நிக்க மாட்டேன்னு கத்தினேன். ரிப்பீட்டரில். கிளப்புக்கும், கட்டுப்பாட்டு அறைக்கும் சேர்த்து.

கத்தி முடித்து மைக்கை விட்டேன்.

"சரிம்மா. வரேன்" என்றார்.

இந்திரா காந்தி சிலை வரை டிராக்டர், அங்கிருந்து சுற்றிக்கொண்டு ஹரியின் ஸ்கூட்டர். பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். இப்போது ஹரியின் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து ரவை உப்புமா சாப்பிடுகிறார். உப்பு கம்மி என்றார். கொண்டுபோய்ப் போட்டேன்.