மூன்றாவது வீச்சு

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

குடியை விடுவதற்காகப் போன இடத்தில் ஃபோன் கூடாது, சரி. ஆனால் என்னையும் வரக் கூடாது என்று நீயே சொல்லிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. போகட்டும், கடிதத்திலேயே விளையாடுவோம். நானும் நண்பர்களும் சனிக்கிழமைகளில் ஆடும் கதை விளையாட்டுதான். ராஜா காலத்து ஆள் ஒருவனைக் கற்பனை செய்துகொள். அவன் என்ன செய்கிறான் என்று நீ சொல்வாய், எதிரே என்ன வருகிறது என்று நான் சொல்வேன், நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். முதலில் அவன் முன்கதையை எழுது. எங்கே பிறந்தான், எதற்குப் பயப்படுவான், யாருக்காகத் திரும்பி வருவான். உறைக்குள் இரண்டு பகடை வைத்திருக்கிறேன்.

உன் பூச்சி

ஜூன் 9

பூச்சிக்கு,

பகடையை இங்கே ஆபீஸில் பிடுங்கிக்கொண்டார்கள். "இங்க சூதாட்டம்லாம் கூடாதுப்பா" என்றார் மேனேஜர். "சூதாட்டம் இல்ல சார், பூதத்தோட சண்டை போடறதுக்கு" என்றேன். அன்றைக்கே மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள்.

ராஜா காலத்துக் கதையில் என்னைப் போல வெல்டர் கிடையாதே, அதனால் என் ஆள் கொல்லன். பலசாலி. எதற்கும் பயமில்லை. பட்டறை எரிந்துபோனது, மனைவி விட்டுப் போனாள். யாருக்காகவும் திரும்ப வேண்டியதில்லை. ஒருநாள் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தான். முடிந்தது. சரியாக எழுதியிருக்கிறேனா?

அண்ணன்

ஜூன் 12

அண்ணா,

முன்கதையிலேயே ஆளைக் கொன்றுவிட்டால் விளையாடுவது எப்படி? புதிதாக வருகிறவர்கள் என்னென்னவோ தப்பு செய்வார்கள், இதை மட்டும் யாரும் செய்ததில்லை. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற மேசையில் வைத்துச் சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. உடனே உன் டாக்டருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

ஒரு விதியைச் சொல்ல மறந்தேன். விழுந்தவன் உடனே சாவதில்லை. அவனுக்கு மூன்று பகடை வீச்சு உண்டு, மூன்றும் தோற்றால்தான் போவான். அதற்குள் உடன் ஆடுகிற ஒருவர் தன் முறையை அவனுக்குக் கொடுத்தால் வீச்சே வேண்டாம், எழுந்துவிடுவான். அதனால் நானும் ஓர் ஆளை இறக்கியிருக்கிறேன், காயத்துக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவச்சி. அவளை அந்த ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். ஆனால் அவள் பக்கம் கையை நீட்ட வேண்டியது கொல்லன்தான். உன் ஆளை நான் அசைக்க முடியாது, அதுவும் விதி. கெஞ்சுகிறேன் அண்ணா, எழுது.

பூச்சி

ஜூன் 20

அண்ணா,

தபால்காரர் இப்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே "உனக்கு இல்லம்மா" என்று கையை ஆட்டுகிறார். டாக்டர், "இருக்காரு, பேச மாட்டேங்குறாரு" என்கிறார். ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

பூச்சி

ஜூன் 24

பூச்சி,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை.

கொல்லன் இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறான். இரண்டு வீச்சு போட்டாயிற்று. இரண்டும் தோல்வி. பகடை இல்லாமல் எப்படிப் போட்டாய் என்று கேட்காதே. அந்த இரண்டு ராத்திரியும் கூடவே இருந்த டாக்டருக்குத் தெரியும். மூன்றாவதை அவன் போடவில்லை. கரையில் யாரோ நிற்பது தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே விடுவார்கள். வாசலில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

உன் முறை.

அண்ணன்