ஈரக் குடுமி

17 பிப்ரவரி 1912, சனி

பாளையங்கோட்டை மைதானத்தில் நான் ஆடுவதைப் பார்க்க அப்பா முதல் தடவையாக வந்திருந்தார். எதிரணியின் கோலுக்கு முன்னால் நான்தான் நின்றேன். எங்கள் அணி ஏசுவடியான் பந்தைச் சரியாக என் தலைக்குத் தூக்கி அடித்தான். தினமும் நான் முட்டிக் கோல் போடும் பந்துதான். அப்பாவின் கண்ணெதிரே தோல் பந்தைத் தலையில் வாங்கப் பயந்து குனிந்துவிட்டேன். தோற்றோம்.

"ஒன் தலைக்குத்தானலே அடிச்சேன்?" என்றான் ஏசுவடியான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வழியில் அப்பா, "ஏன்டா குனிஞ்சே?" என்றார்.

"தோல் பந்தாச்சேப்பா, தலையில பட்டா தீட்டில்லையா?"

"தெனமும் ஆத்துல தலை முழுகிட்டு ஈரக் குடுமியோட வரயே, எனக்குத் தெரியாதா? நீ முட்டறதைப் பார்க்கத்தானேடா வந்தேன்."

இன்று நான் ஆற்றில் இறங்கவில்லை. குடுமி காய்ந்தே கிடக்கிறது.